ஏரிக்கரை வகுப்பும் மேல்மலை வகுப்பும்

கொடைக்கானலில் இருந்துகொண்டு ஆங்கில ஆசிரியர் ஆக நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏரிக்குப் பக்கத்தில் ஏழு ரோடு சந்திப்பை ஒட்டியுள்ள கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் போன்ற ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பள்ளிக்கு விண்ணப்பிப்பது. மற்றது பி.எட்., டெட் (தகுதித் தேர்வு), டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு) என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கமோ கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கமோ ஓர் அரசுப் பள்ளியில் 'இங்கிலீஷ் பி.டி.'யாகச் சேர்வது. வேலையின் பெயர் ஒன்றுதான். ஆனால் அதற்கு ஆளைத் தயார்செய்கிற விதத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

கட்டடம், கட்டணம், வசதி ஆகியவற்றை ஒப்பிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அதில் புதிதாகத் தெரியவரப்போவது ஒன்றுமில்லை. சம்பளக் கணக்கையும் ஒரு வரியில் முடித்துவிடலாம்: அரசுப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது, அதற்குமேல் அகவிலைப்படியும் மலைப்படியும் பணிப் பாதுகாப்பும் உண்டு. மலையில் பிறந்த பெரும்பாலான இளைஞர்கள் முதலில் எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. வகுப்புக்குள் நுழையும் முன் இந்த இருவரும் எதைப் பழகிக்கொள்கிறார்கள்? எதைப் பழகாமல் போகிறார்கள்?

இரண்டு வழிக்கும் ஒரே வேர் என்பது பலருக்குத் தெரியாது. மதுரைச் சமவெளியின் நோய்களுக்குத் தப்பி மலையேறிய அமெரிக்க மதுரை மிஷனார் 1845ல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் கட்டினார்கள். கொடைக்கானல் என்னும் ஊர் அப்படித்தான் உருவானது. 1901ல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக இங்கே ஹைகிளார்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். முதலில் தலைமைப் பொறுப்பேற்ற மார்கரெட் எடி, ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக இந்தியா வந்த ஷெர்வுட் எடியின் தாயார். அங்கே படித்த பிள்ளைகள் பின்னாளில் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகவேண்டியவர்கள். அதனால் பாடத்திட்டம் கப்பலில் வந்தது. ஆசிரியர்களில் பலரும் கப்பலில்தான் வந்தார்கள். அதே மிஷன் கீழே பசுமலையில் தமிழ் இளைஞர்களுக்கு ஆசிரியப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் வேலைபார்க்கப் போன பள்ளிகளுக்கு, இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதித்து, தேறியவர்களை எண்ணி அரசு மானியம் கொடுத்த காலம் அது. மேலே ஒருவிதமான ஆசிரியர், கீழே வேறுவிதமான ஆசிரியர். எந்த இடத்துக்கு எப்படிப்பட்டவர் என்பதை முடிவுசெய்தது, அங்கே படித்த பிள்ளை கடைசியில் எந்தத் தேர்வில் போய் உட்காரப்போகிறது என்பதுதான்.

இந்த ஒப்பீட்டில் என் வாதமும் அதுவே. பிள்ளை எழுதும் தேர்வு எந்த அச்சோ, ஆசிரியர் வார்க்கப்படுவதும் அந்த அச்சில்தான்.

அரசு வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். 1856ல் சென்னையில் தொடங்கிய அரசு நார்மல் ஸ்கூல்தான் பிற்காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆனது. எல்.டி., பி.டி., பி.எட். என்று பட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்தாலும், பட்டதாரி ஆசிரியர் இன்றும் ஊராருக்கு 'பி.டி. சார்', 'பி.டி. டீச்சர்'தான். 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. மலைப் பெண்கள் சிலர் 1984ல் கொடைக்கானலில் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். மற்றவர்கள் காந்திகிராமம், மதுரை என்று கீழே இறங்குகிறார்கள். இந்த இரண்டு ஆண்டுக்குள் முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம், ஆக 20 வாரம் பள்ளியில் இருந்து பயிற்சி பெறவேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி.

காகிதத்தில் இருபது வாரம் நல்ல அளவு. நடைமுறையில் அதில் பெரும்பகுதியை ரெக்கார்டு நோட்டு விழுங்கிவிடுகிறது. லெசன் பிளான், மைக்ரோ டீச்சிங், சார்ட், வினாத்தாள் பகுப்பாய்வு, கேஸ் ஸ்டடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு, ஒவ்வொன்றுக்கும் வண்ண அட்டை. பயிற்சி மாணவி வந்திருக்கிறாள் என்றால், லீவில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தது என்று மகிழ்கிற பள்ளிகளும் உண்டு. செய்முறைத் தேர்வுக்குக் குழு வரும். ஒரு வகுப்பைக் கவனிக்கும். அன்று நடத்தப்போகும் பாடத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து முந்தைய நாளே ஒத்திகை பார்த்திருப்பார்கள்.

அடுத்தது டெட். தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. எழுதிய லட்சக்கணக்கானோரில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கான இரண்டாம் தாளில் 150 கேள்விகள், பொதுப்பிரிவினருக்குத் தேர்ச்சி 90. அந்த 150ஐ ஆங்கிலப் பட்டதாரியின் கண்ணோடு பிரித்துப் பாருங்கள். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் 30, முதல் மொழி 30, ஆங்கிலம் 30. மீதி 60க்கு கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். ஆங்கில ஆசிரியர் ஆகப்போகிறவர் தன் பாடத்தைப்போல் இரண்டு மடங்கு மதிப்பெண்ணுக்குக் குப்தர் ஆட்சியையும் கரிசல் மண்ணையும் உள்ளாட்சி அமைப்புகளையும் உருப்போடுகிறார். இலக்கியம் படித்தவர்கள் கணிதத்துக்கு அஞ்சிப் பெரும்பாலும் சமூக அறிவியலையே எடுப்பார்கள். ஆறாம் வகுப்பு முதலான சமச்சீர்ப் புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காகப் படிப்பவர்களைத் திண்டுக்கல் நூலகத்தில் பார்க்கலாம். தேர்வாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. 2013க்குப் பிறகு 2017 வரை எல்லாருக்குமான டெட் நடக்கவே இல்லை.

தேறினால் வேலை என்றும் இல்லை. 2018ல் வந்த அரசாணை, நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வை வைத்தது. 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அப்படி நடந்த தேர்வில் பாடத்துக்கு 150 கேள்விகள். அதோடு 50 மதிப்பெண்ணுக்குக் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் போகும் முதுகலை ஆசிரியருக்கோ டெட் தேவையில்லை, தனித் தேர்வு: பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. ஆங்கிலப் பாடத்திட்டம் சாசர் காலத்தில் தொடங்கி ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த் என்று இறங்கி அமெரிக்க, இந்திய இலக்கியம் வரை வரும். எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்.

இத்தனை கட்டங்களில் ஒன்றிலாவது யாராவது இவரை ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசச் சொல்லிக் கேட்டார்களா? ஒத்திகை பார்த்த அந்த ஒரு வகுப்பைத் தவிர்த்தால், இல்லை. அவர் எழுதிய ஆங்கிலப் பத்தி ஒன்றை யாராவது திருத்தியிருக்கிறார்களா? கல்லூரித் தேர்வோடு அதுவும் முடிந்துவிட்டது. இதைத் தேர்வு வாரியத்தின் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். அவர் தயார்செய்யப்போகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் 100 மதிப்பெண் ஆங்கிலத் தாளில் பேச்சு கிடையாது. மெமரி பொயம், படம் பார்த்து எழுதுவது, ரோடு மேப், கடிதம் என்று கைடு பிரித்துக் கொடுத்த வழியில் போனால் 35 வந்துவிடும். பிள்ளைக்கு வாய் தேவைப்படாத தேர்வு; ஆசிரியருக்கும் தேவைப்படவில்லை.

இப்போது ஏரிக்கரைக்கு வருவோம். 1976ல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. டிப்ளமாவை ஏற்றது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்தான். டிப்ளமா வகுப்பில் 'இங்கிலீஷ் ஏ: லாங்குவேஜ் அண்ட் லிட்ரேச்சர்' என்ற பாடத்தை எடுத்துக்கொண்டால், அதற்கு அரசு அச்சிட்ட ஒற்றைப் புத்தகம் இல்லை. சாதாரண நிலைக்கு நான்கு நூல்கள், உயர்நிலைக்கு ஆறு. நூல்களை ஆசிரியரே தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுக்கான பாடத்தை அமைக்கவேண்டும். உயர்நிலை மாணவர் 1,200 முதல் 1,500 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுவார். எல்லாரும் 15 நிமிடத் தனி வாய்மொழித் தேர்வு ஒன்றில் பங்கேற்பார்கள். 10 நிமிடம் மாணவர் பேசுவார். 5 நிமிடம் ஆசிரியர் கேள்வி கேட்பார். அது பதிவாகும். ஆசிரியர் போட்ட மதிப்பெண் சரிதானா என்று பார்க்க, பதிவுகளில் சில வெளியே மதிப்பீட்டாளர்களுக்குப் போகும். கறாராகப் போட்டிருந்தாலும் தாராளமாகப் போட்டிருந்தாலும் பள்ளியின் மதிப்பெண்கள் மாற்றப்படும்.

கடைசியாகச் சொன்ன இந்தச் சரிபார்ப்புதான் ஆசிரியரை ஆசிரியர் ஆக்குகிறது என்பேன். ஐ.பி. பள்ளியில் சேர டெட் மாதிரி ஒரு வாசல் இல்லை. பட்டம், பி.எட். அல்லது பி.ஜி.சி.இ. போன்ற வெளிநாட்டுப் பயிற்சி, நேர்காணல், பிள்ளைகளுக்கு முன் ஒரு மாதிரி வகுப்பு, முன்பு வேலைபார்த்த இடத்தில் விசாரிப்பு என்று பள்ளிகளே பார்த்துக்கொள்கின்றன. சேர்ந்தபின் ஐ.பி. நடத்தும் பயிலரங்குக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பயிலரங்குகள் எல்லாம் சேர்ந்தும் சில நாள் கணக்குதான், பி.எட்.டின் இரண்டு ஆண்டுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் வேலை தொடங்கியபின் ஒரு மாணவர் பேசுவதை அளவுகோல் வைத்துக் கேட்கவேண்டியிருக்கிறது. தான் கேட்ட விதம் சரியா என்று வெளியாள் ஒருவர் சரிபார்க்கிறார். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து உட்கார்ந்து கவனித்துவிட்டுப் பேசுவதும் இத்தகைய பள்ளிகளில் வழக்கம். அரசு வழியில் தயாரிப்பு முழுவதும் வாசலுக்கு வெளியே நடக்கிறது. இங்கே பெரும்பகுதி வாசலுக்கு உள்ளே நடக்கிறது.

இவ்வளவு சொன்னதால் ஏரிக்கரைப் பக்கம் நான் சாய்ந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். அந்த வழியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அங்கே வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே ஆங்கிலத்தில் படித்துப் பழகியவர்கள். பதினான்கு வயதில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளை அந்த ஆசிரியரின் முன் வந்து உட்காருவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளையை என்ன செய்வது என்று எந்தப் பயிலரங்கும் அவருக்குச் சொல்வதில்லை. அவருக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்பாரும் இல்லை. ஆறு நூல்களை வைத்து இரண்டு ஆண்டுப் பாடம் அமைக்கத் தெரிந்தவரை மேல்மலையில் ஓர் எட்டாம் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், முதல் வாரத்தைத் தாண்டுவதே கஷ்டம். பூண்டு அறுவடை வந்தால் பாதி வகுப்பு காலி. மழைக்காலத்தில் பஸ் வராத நாள் உண்டு. கீழ்மலையில் பளியர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்குப் பள்ளியில் பேசும் தமிழே கொஞ்சம் அந்நியம். அந்த ஆசிரியரின் தயாரிப்பில் இதில் எதற்கும் இடமில்லை.

அரசு வழி இந்த ஒரு விஷயத்தில் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறது. ஆங்கில ஆசிரியருக்கும் தமிழ்த் தாள் கட்டாயம் என்றபோது சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. மன்னவனூர்ப் பிள்ளை ஆங்கிலத்துக்குத் தமிழ் வழியாகத்தான் வரமுடியும். தமிழை எப்போது எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்பதுதான் அங்கே ஆங்கில ஆசிரியரின் முதல் திறமை. வருத்தம் என்னவென்றால், தமிழ் தெரியுமா என்று சோதிக்கிற வழி அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுத்தருவதில்லை. அதனால் பாடத்தை ஒரு வரி வாசித்து, ஒரு வரி தமிழில் சொல்லி, மறுபடி ஒரு வரி வாசிப்பது என்ற பழைய பாட்டையே பாதையாகிவிடுகிறது.

நம் மாநிலத்தில் இதைச் சரிசெய்ய யாரும் முயலவில்லை என்று சொல்லமுடியாது. 1950களின் கடைசியில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு பெரிய திட்டம் நடந்தது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று தொடக்க ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தருவது இலக்கு. கொடைக்கானலிலேயே உறைபனியோடு சரி என்கிற மாநிலத்தில் அதற்கு 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்று பெயர். மேலே சொன்னது கீழே வரும்போது நீர்த்துப்போகிறது என்பதுதான் இத்தகைய திட்டங்கள் எல்லாவற்றின் மீதும் வைக்கப்படும் குறை. இன்றும் சென்னையில் கருத்தாளர், மாவட்டத்தில் கருத்தாளர், வட்டார வள மையத்தில் கருத்தாளர் என்று அதே உருட்டல்தான்.

அதற்கு நேர் எதிரானது என்.எஸ். பிரபுவின் முயற்சி. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் பாடத்தைச் செயலாக மாற்றிப் பார்த்தார். ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியைப் பிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து எந்த வழியில் போவது என்று பிள்ளைகள் யோசித்துச் சொல்லவேண்டும். கவனம் கணக்கில் இருக்கும். மொழி கூடவே வரும். உலகெங்கும் மொழி ஆசிரியர்களுக்கான நூல்களில் பெங்களூர் திட்டம் என்று அது பேசப்படுகிறது. எல்லாருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்றில்லை, எது பலிக்கிறது என்ற உணர்வு ஆசிரியருக்குள் உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி என்று பின்னாளில் அவர் எழுதினார். நம் பத்தாம் வகுப்புத் தாளிலும் வரைபடம் இருக்கிறது. 'நேராகப் போ, இடப்பக்கம் திரும்பு' என்று மனப்பாடமாக எழுதினால் இரண்டு மதிப்பெண். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சுற்றுலாப் பயணி கூக்காலுக்கு வழி கேட்டால் கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

அப்படியானால் அரசு நியமனத்திலும் நேர்காணலும் மாதிரி வகுப்பும் வைக்கலாமே என்று கேட்கலாம். வேண்டாம் என்பேன். நேர்காணல் வந்தால் சிபாரிசும் பணமும் பின்னாலேயே வரும். எழுத்துத் தேர்விலேயே அது நுழைந்ததைப் பார்த்தோம். 2017ல் நடந்த பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வு மதிப்பெண் மோசடியால் ரத்தானது. மேல்மலையில் முதல் பட்டதாரியாக வரும் ஒரு பெண்ணுக்கு யார் தயவும் இல்லாமல் வேலை தருகிற வழி நான்கு விடைக் கேள்வித்தாள் ஒன்றுதான். அதன் வறட்சியைக் குறைசொல்லலாம்; அதன் நேர்மையை விட்டுக்கொடுக்கக்கூடாது.

கைவைக்கவேண்டிய இடங்கள் வேறு. டெட் இரண்டாம் தாளில் ஆங்கிலப் பட்டதாரிக்கு அந்த 60 மதிப்பெண்ணை ஆங்கிலத்திலேயே கேட்கலாம். மொழி ஆசிரியருக்கு மொழி என்பதில் விவாதிக்க என்ன இருக்கிறது? அடுத்தது பத்தாம் வகுப்புத் தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண். உடனே ஒரு தடை எழும்: அறிவியல் செய்முறைக்கு 25 மதிப்பெண் வைத்தோமே, அதை எல்லாருக்கும் அள்ளிக்கொடுத்துவிடுகிறோமே, பேச்சும் அப்படித்தான் ஆகும். நியாயமான அச்சம். ஏரிக்கரைப் பள்ளியிடம் கற்கவேண்டியது இந்த இடத்தில்தான். பேச்சைப் பதிவுசெய்து, சிலவற்றை வேறு மாவட்ட ஆசிரியருக்கு அனுப்பிச் சரிபார்க்கலாம். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. கருவி இல்லை என்று இனி சொல்லமுடியாது. அந்த மதிப்பெண் வந்த மறு ஆண்டே பி.எட். கல்லூரிகள் பேச்சைக் கற்றுத்தரத் தொடங்கிவிடும். தேர்வு கேட்காத எதையும் அவை கற்றுத்தந்ததில்லை. தேர்வு கேட்டால் கற்றுத்தராமலும் இருந்ததில்லை.

அதற்கெல்லாம் காலம் ஆகும். இப்போது மலையில் பி.எட். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினாறு வாரப் பயிற்சியில் சார்ட் ஒட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, உங்கள் வகுப்பை உங்கள் கைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள், பிள்ளைகள் எவ்வளவு நேரம் பேசினார்கள், அதில் ஆங்கிலம் எவ்வளவு என்று தோழி ஒருவரோடு உட்கார்ந்து கேளுங்கள். வேலை கிடைத்து மேல்மலைக்குப் போட்டால், முதல் மாறுதல் கலந்தாய்விலேயே கீழே இறங்க அவசரப்படாமல் ஓர் எட்டாம் வகுப்பைப் பத்தாம் வகுப்பு முடியும்வரை கூடவே கொண்டுபோய்ச் சேருங்கள்.